கையொப்பமிட்டவரே திருத்த வேண்டும்

நூற்று நாலு கட்டு ஆட்டுத்தோல். படிவத்தில் எபி அடித்தது நூற்று நாற்பது.

அடித்தது திங்கட்கிழமை. புதன்கிழமை காலை, குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் செருப்புக் கடைக்கு மேலே இருந்த கரீம் பாயின் கிளியரிங் ஆபீசில் அவன் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, கொழும்பிலிருந்து சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி காத்திருந்தது. படிவத்தில் 140 கட்டு, பேக்கிங் லிஸ்டில் 104. எது சரி? மாலை நான்கு மணிக்குள் திருத்தாவிட்டால் இன்றைய கப்பலில் கண்டெய்னர் ஏறாது. அதற்குக் கீழே இன்னொரு வரி: கையொப்பமிட்டவரே திருத்த வேண்டும்.

கையொப்பமிட்டவரின் பெயரும் இருந்தது. டெபோரா எபனேசர்.

எபியின் மனைவி. இறந்து எட்டு மாதம் ஆகிறது.

அவன் செய்தியை இன்னொரு முறை படித்தான். பிறகு எழுந்துபோய் ஃபேனை ஒரு புள்ளி கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். வேறு என்ன செய்வது என்று தோன்றவில்லை.

சரக்கு அனுப்புகிறவர்களுக்காகச் சுங்கத்தில் காகிதம் நகர்த்துவதுதான் கரீம் பாயின் தொழில். முன்பெல்லாம் அது நிஜமாகவே காகிதம். நான்கு பிரதி, நடுவில் கார்பன். வெளிவேலை பார்க்கும் சாஜித் அதை ரெக்ஸின் பையில் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை போவான். சீல் வாங்குவான். இங்கே அடித்த அதே விவரத்தைக் கொழும்பில் ஒருவர் ஃபேக்சில் பார்த்து மறுபடி அடிப்பார். இங்கே தொண்ணூற்றாறு கிலோவாகக் கப்பல் ஏறியது அங்கே அறுபத்தொன்பது கிலோவாக இறங்கும். அதற்குப் பத்து நாள் கடிதப் போக்குவரத்து.

பிறகு சென்னைக்குள் மட்டும் கம்ப்யூட்டர் வந்தது; இந்தப் புது முறை வந்தது அந்த வருஷம், 2007 ஜூலையில்தான். சென்னை, கொழும்பு உட்பட நான்கு துறைமுகங்களுக்கும் ஒரே கணினி வலை, சோதனை ஓட்டம். இங்கே அடிப்பதை அதே நிமிடத்தில் கொழும்பிலும் பார்க்கலாம். கப்பல் கிளம்பும் முன்பே கேள்வி கேட்கலாம். ஆபீசில் எல்லோரும் அதைப் 'புது லிங்க்' என்றார்கள். இரண்டு நாள் பயிற்சி நடந்தது. பாடம் எடுத்தவர் ஒரே வாக்கியத்தை ஏழெட்டுத் தடவை சொன்னார்: ஒரு தடவை அடித்தால் போதும், எங்கும் திரும்ப அடிக்க வேண்டாம்.

எபி அதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான். பிப்ரவரியிலிருந்து அவன் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். பாங்கில் சொன்னான், கேஸ் ஏஜென்சியில் சொன்னான், ரேஷன் கார்டுக்கு வரிசையில் நின்று சொன்னான், செல்போன் கம்பெனிக்குப் போனில் சொன்னான். ஒவ்வொருவரும் "அடடா, என்ன ஆச்சு?" என்றார்கள். காய்ச்சல், அஞ்சு நாள் என்றான். சின்ன வயசாச்சே என்றார்கள். ஆமாம், இருபத்தாறு என்றான். மரணச் சான்றிதழை முப்பது ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தான். ஒன்றுதான் மிச்சம். அது மேஜை டிராயரில் கிடந்தது.

சொல்லாமல் விட்ட இடம் இந்த ஆபீஸ் ஒன்றுதான். இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் சொல்லவில்லை.

ஆபீசில் படிவத்தில் கையெழுத்துப் போடத் தகுதி இருந்தது இரண்டு பேருக்கு. லைசென்ஸ்காரரான கரீம் பாய். சுங்கப் பரீட்சை எழுதித் தேறிய டெபோரா. பாய் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். எபி அடிப்பான், டெபோரா சரிபார்த்து அனுப்புவாள். அவள் போன பதினோராம் நாள் எபி வேலைக்கு வந்தான். கம்ப்யூட்டரைத் திறந்தான். அவள் பெயர் கட்டத்தில் தயாராக இருந்தது. பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். அடித்தான், அனுப்பினான். பாய் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சாஜித்தும் பார்த்தான். மறுநாளும் அப்படியே. ஜூலையில் பழைய பெயர்கள் எல்லாம் பழைய விவரத்தோடு புது லிங்க்குக்குப் போயின. அவளும் போனாள்.

பத்தரை மணிக்கு சாஜித் வந்தான். நோன்பு மாதத்தின் கடைசி வாரம். உதடு காய்ந்திருந்தது, வாய் காயவில்லை.

"இன்னா மச்சான், மூஞ்சி இப்டி கீது? நோன்பு எனக்கா உனக்கா?"

எபி மானிட்டரை அவன் பக்கம் திருப்பினான். சாஜித் குனிந்து படித்தான்.

"நூத்தி நாப்பதா? முப்பத்தாறு கட்டு எக்ஸ்ட்ரா போட்டுகீறியே! அத்தினி ஆட்டுக்கு நான் எங்க போவேன்?" சிரித்துக்கொண்டே கீழ்வரிக்கு வந்தவன், பெயரைப் பார்த்ததும் நிறுத்தினான். "சரி, வுடு. முன்னல்லாம் இதுக்கு ஒரு லெட்டரு, ஒரு சீலு, ஆபீசருக்கு ஒரு வணக்கம். முடிஞ்சிது."

"இதுல சீல் வைக்க இடமில்ல சாஜித்."

"இருக்காது. பேஜாரு புடிச்ச லிங்க்கு."

எபி 'திருத்து' என்பதை அழுத்தினான். ஒரு உறுதிமொழி வந்தது. டெபோரா எபனேசர் ஆகிய நான் இந்தச் சரக்கின் விவரங்களை இன்று நேரில் சரிபார்த்தேன். கீழே அன்றைய தேதி, 10 அக்டோபர் 2007. அதற்கும் கீழே, கையொப்பமிட்டவர் தானே என்று உறுதிசெய்ய ஒரு கேள்வி. அவள் பெயரைப் பதிவு செய்தபோது அவளே தேர்ந்தெடுத்த கேள்வி.

உங்களால் மறக்க முடியாத தேதி எது?

நாள், மாதம், வருடம். மூன்று வெள்ளைக் கட்டங்கள். மூன்று முயற்சிகள் மட்டுமே. மூன்றும் தவறினால் பெயர் முடக்கப்படும், விசாரணை முடியும் வரை நிறுவனத்தின் எல்லாச் சரக்கும் நிறுத்திவைக்கப்படும்.

எபி யோசிக்கவில்லை. 27, 01, 2005 என்று அடித்தான். மேற்குத் தாம்பரம் சர்ச்சில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்த நாள்.

பொருந்தவில்லை என்று வந்தது.

"தப்பா அடிச்சிருப்பே மச்சான்," என்றான் சாஜித். "நீதான் நம்பர மாத்திப் போடற ஆளாச்சே. நல்லாப் பாரு."

எபி பார்த்தான். இந்தத் தடவை எண்கள் இடம் மாறவில்லை. அவள் பெயரைப் பதிவு செய்தது 2005 செப்டம்பரில், கல்யாணமாகி எட்டாவது மாதம். கீழே செருப்புக் கடைக்காரன் ஷட்டரை முழுசாகத் தூக்கிவிடும் சத்தம் கேட்டது. சாஜித் ஜன்னல் பக்கம் திரும்பி, ரோட்டில் ஏதோ முக்கியமாக நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினொன்றரைக்குக் கரீம் பாய் வந்தார். பருத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. விஷயத்தைச் சாஜித்தான் சொன்னான். பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு எபிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவங்க அம்மாவக் கேளு. பெத்தவங்களுக்குத் தெரியாததா?"

"கேட்டு என்ன போடறது பாய்? அவளே சரிபார்த்தாள்னா?"

"இத்தன நாள் அப்படித்தானே போட்டோம்," என்றார் பாய், முகத்தைப் பார்க்காமல். "இந்த ஒரு கண்டெய்னர் போவட்டும். அப்புறம் பேசிக்கலாம். அங்க க்ளவுஸ் ஃபேக்டரில தோல் இல்லாம மிஷின நிறுத்தி வெச்சிருக்கான்."

டெபோராவின் அம்மா ரத்தினபாய் மாடம்பாக்கத்தில் இருந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எபி போன் செய்தால் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பாள். அன்றும் கேட்டாள்.

"சாப்பிட்டேன் அத்தை. ஒரு தேதி கேக்கணும். டெபோராவுக்கு ரொம்ப முக்கியமான தேதின்னா எதுவா இருக்கும்?"

"பொறந்த நாளா?"

"அது கூடாதாம். பொறந்த நாளப் போடக்கூடாதுன்னு ரூல்."

"உங்க கல்யாணம்..."

"அது இல்ல அத்தை."

"இருங்க மாப்பிள்ளை, பைபிள எடுத்துட்டு வரேன்," என்றாள். குடும்பத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், வளர்ந்தபின் சபையில் முழு உறுப்பினராகும் திடப்படுத்தல், கல்யாணம் எல்லாம் அந்தப் பைபிளின் முன்தாளில் எழுதியிருக்கும். டெபோராவின் இறப்பை, அந்தக் கடைசி வரியை, எழுதியவளும் ரத்தினபாய்தான். எபி அதைப் பார்த்ததில்லை.

"திடப்படுத்தல் எடுத்த நாளா இருக்கும். பன்னெண்டு, பதினொண்ணு, தொண்ணூத்தஞ்சு. அன்னைக்குத்தான் மொதல்ல புடவை கட்டினா. வெள்ளப் புடவை. சரியான மழை. சர்ச் வாசல்ல சேத்துல வழுக்கி விழுந்துட்டா. அந்தச் சேத்தோடவே போய், அழுதுகிட்டே நற்கருணை எடுத்தா. அப்புறம் எத்தன வருஷம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. உங்ககிட்ட சொல்லியிருப்பாளே?"

"சொல்லியிருக்கா அத்தை," என்றான். சொன்னதில்லை.

"இப்ப எதுக்கு மாப்பிள்ளை அது?"

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அவ பேரு இன்னும் இருக்கு. அதுக்கு."

"இருக்கா?" குரல் தாழ்ந்தது. "இருக்கட்டுமே."

12, 11, 1995. அடித்தான். பாயும் சாஜித்தும் இரண்டு தோளுக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொருந்தவில்லை.

மதியம் ஒரு மணிக்கு மேல் பாய் தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். எபி டிபன் பாக்சைத் திறக்கவில்லை. நோன்பிருக்கிறவர்கள் முன்னால் சாப்பிடுவது எப்படி என்று அவனே ஒரு காரணம் வைத்திருந்தான். நிஜத்தில், காலையில் அதில் என்ன வைத்தான் என்பதே அவனுக்கு நினைவில்லை.

இரண்டரை ஆயிற்று.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குல்ல?" என்றார் பாய்.

"இருக்கு."

"ஏதாவது தோணுதா?"

தோன்றியது. காலையிலேயே தோன்றியதுதான். 02, 06, 2003. எபி இந்த ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த நாள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன் என்று பாய் பெருமையாக அறிமுகம் செய்தார். டெபோரா ஒரு கட்டுப் படிவத்தை அவனிடம் கொடுத்து எழுதச் சொன்னாள். அவன் கார்பனைத் தலைகீழாக வைத்து ஒன்பது படிவம் எழுதினான். ஒன்பதிலும் எழுத்து முதல் தாளின் முதுகில் விழுந்திருந்தது. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போனாள். கல்யாணத்துக்குப் பிறகும் சொல்வாள், அந்த நாளை மட்டும் மறக்க மாட்டேன் என்று. சும்மா சொன்னதாகவும் இருக்கலாம்.

எபி 02 என்று அடித்தான். அடுத்த கட்டத்தில் 06. மூன்றாவது கட்டத்தில் கர்சர் விட்டு விட்டு மின்னியது.

சரியாக இருந்துவிட்டால், அவள் இன்று நேரில் வந்து சரக்கைச் சரிபார்த்தவள் ஆவாள். நாளையும் வருவாள். கண்டெய்னர் போய்விடும், பாய் பிழைத்துக்கொள்வார், எல்லாம் இப்படியே நடக்கும்.

தவறாக இருந்தால்?

அவன் 06-ஐ அழித்தான். 02-ஐயும் அழித்தான்.

"என்னால முடியாது பாய்."

"லாக் ஆயிடும்னு பயப்படறியா?"

"அதில்ல." எபி கீபோர்டைச் சற்றுத் தள்ளி வைத்தான். "இதுவும் இல்லன்னா, இல்லன்னு எனக்குத் தெரிஞ்சிடும். தெரியாமலே இருந்துட்டுப் போறேன்."

பாய் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு சொன்னார்:

"அவ பேர எடுக்கற வேலைய நான் பிப்ரவரியிலயே செஞ்சிருக்கணும். உன்கிட்ட எப்படிக் கேக்கறது? நீ பாட்டுக்கு வந்தே, உக்காந்தே, அவ பேர்ல தொறந்தே. சரி, அதுல அவனுக்கு ஒரு ஆறுதல் இருக்குதுபோலன்னு நெனச்சேன். விட்டுட்டேன்."

"நீங்கதான் அப்படி வேணும்னு சொல்றீங்கன்னு நெனச்சேன் பாய்."

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லலியே. அதான்."

சாஜித் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "சூப்பர் கம்பெனி. அவருக்கோசரம் நீ, உனக்கோசரம் அவரு. எட்டு மாசமா கவர்மெண்ட ஏமாத்திகினு கீறீங்க. நடுவுல நான் ஒருத்தன் மூடிகினு இருந்தேன்."

பாய் சிரித்துவிட்டார். உடனே நிறுத்தினார்.

"உள்ளத எழுது," என்றார்.

"லைசென்ஸ்?"

"கூப்பிட்டுக் கேப்பாங்க. போய் நிப்பேன். கொஞ்ச நாளைக்கு வாங்கி வெச்சாலும் வெப்பாங்க. காலையில நீ கேட்டிருந்தா, மூணாவதையும் போடுன்னுதான் சொல்லியிருப்பேன். இப்ப வாயில வரமாட்டேங்குது."

திரையின் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி எப்போதும் இருந்தது. கையொப்பமிட்டவர் இல்லையெனில் இங்கே அழுத்தவும். எபி அழுத்தினான். காரணத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் விழுந்தது. விடுப்பு. இடமாற்றம். பதவி விலகல். மரணம். நான்காவதைத் தேர்ந்தெடுத்தான். அடுத்து அதே மூன்று வெள்ளைக் கட்டங்கள். நாள், மாதம், வருடம்.

இந்தத் தேதி அவனுக்குத் தெரியும். 17, 02, 2007.

டிராயரிலிருந்து கடைசி ஜெராக்சை எடுத்துச் சான்றிதழ் எண்ணைப் பார்த்து அடித்தான். ஒவ்வொரு இலக்கத்தையும் விரல் வைத்துச் சரிபார்த்தான். என்ன ஆச்சு என்று அது கேட்கவில்லை. வயதைக் கேட்கவில்லை. அனுப்பு என்றது. அனுப்பினான்.

திரையில் நான்கு துறைமுகங்களின் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பச்சை டிக் விழுந்தது. கடைசி டிக் விழ மற்றவற்றைவிட ஐந்தாறு விநாடி அதிகமானது. அவ்வளவுதான். அவன் போயே இராத மூன்று ஊர்களுக்கு, ஒரே தடவையில் சொல்லியாயிற்று.

மணி மூன்று இருபது. இனி பாய்தான் கையெழுத்துப் போட வேண்டும். லைசென்ஸ் எண்ணை அடித்தால் அவர் பெயர் திறக்கும் என்று எபி சொன்னான். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலை நீட்டினார்.

"கே எங்கப்பா இருக்கு?"

"உங்க பேர்லயே இருக்கற எழுத்து பாய்," என்றான் சாஜித். "நடு வரிசைல பாருங்க."

"நோன்பு தொறக்கறதுக்குள்ள கண்டுபுடிச்சிடுவேன், இரு."

பெயர் திறந்தது. ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பாய் பட்டியலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு, மறக்க முடியாத தேதியையே தேர்ந்தெடுத்தார். வெகுநேரம் யோசித்தார். பிறகு, "ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க," என்றார்.

திரும்பினார்கள். சாஜித் காதருகே வந்து, "கண்டிப்பா நிக்காஹ் தேதி இல்ல," என்றான். பின்னால் ஆறு தட்டுகள் கேட்டன. இடையில் ஒரு நிறுத்தம். மேலும் இரண்டு.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு நூற்று நாற்பது நூற்று நாலானது. கொழும்பிலிருந்து 'பெறப்பட்டது' என்று பதில் வந்தது. கண்டெய்னர் ஏறும். நாலரைக்கு இன்னொரு செய்தி வந்தது. பிப்ரவரி பதினேழுக்குப் பிறகு டெபோரா எபனேசர் பெயரில் அனுப்பப்பட்ட படிவங்கள் பற்றி உரிமம் பெற்றவர் நேரில் விளக்கம் தர வேண்டும். பாய் அதைப் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். மடித்துச் சட்டைப்பையில் பேனாக்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

எபி பெயர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தான். அவள் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது. அழுத்திப் பார்த்தான், திறக்கவில்லை. அந்தத் தேதி அதற்குள் எங்கோ இருந்தது. அவள் ஒரு மத்தியானம், இதே நாற்காலியில் உட்கார்ந்து, அவனையோ யாரையோ அந்தப் பக்கம் திரும்பச் சொல்லாமலே அடித்த எட்டு எண்கள். இனி அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆறு மணிக்கு நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. சாஜித் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வாங்கி வைத்திருந்தான். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு மூன்று டம்ளரில் ஊற்றினான். எபிக்கு முன்னால் ஒன்றை வைத்து, அதன் மேல் ஒரு வடையையும் வைத்தான்.

"சாப்டு மச்சான். நீயும் இன்னிக்கி நோன்புதான்."

அப்போது போன் அடித்தது. ரத்தினபாய்.

"மாப்பிள்ளை, தொந்தரவா? ஒண்ணுமில்ல. அந்தத் தேதி சரியா இருந்துச்சான்னு கேக்கலாம்னு..."

எபி திரையைப் பார்த்தான். அது ஏற்கெனவே அணைந்திருந்தது.

"சரியா இருந்துச்சு அத்தை. நீங்க சொன்னதுதான்."

"பன்னெண்டு பதினொண்ணா?"

"ஆமா. அதேதான்."

"எனக்குத் தெரியும்," என்றாள் ரத்தினபாய். "அந்த மழை, அந்தப் புடவை. அவ அத எப்படி மறப்பா?" சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. "சாப்பிட்டீங்களா?"

"இதோ சாப்பிடறேன் அத்தை."

போனை வைத்தான். கஞ்சியின் மேல் ஏடு படிந்திருந்தது. வடையால் அதை ஒதுக்கிவிட்டுக் குடித்தான். உப்பு சரியாக இருந்தது.